பட்டினிக்கு ஒரு நடத்தைச் சான்றிதழ்

பிள்ளைக்கு மூன்று வயது ஆனால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள். கிழவர்களின் வாயிலிருந்தே உணவைப் பிடுங்கித் தின்பார்கள். அடுத்தவர் அடிபட்டால் சுற்றி நின்று சிரிப்பார்கள்.

இப்படியும் ஒரு ஜனம் இருக்குமா என்கிறீர்களா? இருக்கிறது என்று புத்தகமே வந்தது. 1972ல் வெளியான ‘த மவுண்டன் பீப்பிள்’. எழுதியவர் மானுடவியலாளர் காலின் டர்ன்புல். ஜனம், உகாண்டாவின் வடகிழக்கு மலைகளில் வாழும் ஈக் மக்கள்.

டர்ன்புல் சாதாரண ஆள் இல்லை. பிரிட்டனில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். காங்கோவின் இத்தூரி காட்டில் ம்புத்தி மக்களோடு வாழ்ந்து 1961ல் அவர் எழுதிய புத்தகம், வனவாசிகளை அன்போடு காட்டியது. அதே கைதான் பதினோரு வருஷம் கழித்து ஈக் மக்கள் மீது சேற்றை வாரி இறைத்தது.

அவர் பார்த்ததெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எப்போது பார்த்தார் என்பதுதான் கேள்வி. 1960களின் நடுவில் அவர் அங்கே போனபோது கடும் வறட்சி. பஞ்சம். அதற்குச் சில வருஷம் முன்னால்தான், 1962ல், அவர்கள் புழங்கிவந்த கிடேப்போ பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மிருகத்துக்கு வேலி போட்டுக் காவல் வைத்தாயிற்று. மனுஷனை வெளியே தள்ளியாயிற்று. மழையும் கைவிட்டது. செத்துக்கொண்டிருக்கும் ஜனத்தின் நடுவே உட்கார்ந்து, ‘இவர்களுக்குப் பாசமே கிடையாது’ என்று குறிப்பெடுப்பதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

அதோடு விட்டாரா? பாசம், பரிவு எல்லாம் மனித இனத்துக்கு ஆடம்பரம்தான், அதை ஈக் மக்கள் நிரூபித்துவிட்டார்கள் என்று உலகத்துக்கே தீர்ப்பு எழுதினார். இவர்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து, தூரதூரமாக நாடு முழுக்கச் சிதறடித்துவிடலாம் என்று அதிகாரிகளுக்கு யோசனையும் சொன்னார். ஒரு இனத்தையே இல்லாமல் ஆக்கும் யோசனை அது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

சக மானுடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1974லேயே இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் கண்டனத்தைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். புத்தகமோ அமோகமாக விற்றது. 1975ல் பீட்டர் புரூக் அதைப் பாரீஸில் நாடகமாகவே போட்டார். பட்டினி கிடந்தது ஈக் ஜனம். கைதட்டல் யாருக்கு?

1983ல் ஜெர்மானிய மொழியியலாளர் பெர்ண்ட் ஹைனே அங்கே போனார். டர்ன்புல் எழுதிய ஜனத்தை அவரால் அங்கே பார்க்க முடியவில்லை. டர்ன்புல்லுக்கு ஈக் மொழி சரியாகத் தெரியாது, அவருக்குத் தகவல் சொன்னவர்களில் சிலர் ஈக் இனமே இல்லை, வேட்டைக்காரர்கள் என்று அவர் எழுதியவர்கள் உண்மையில் விவசாயிகள் என்று வரிசையாக எழுதினார் ஹைனே. அவர் மீது வழக்குப் போட முடியுமா என்று ஈக் மக்களே கேட்டார்களாம். கேட்காமல் என்ன செய்வார்கள்?

2016ல் போன கேத்ரின் டவுன்சென்ட் அவர்களுடைய ஈகைக் குணத்தைச் சோதித்தே பார்த்தார். மற்ற சமூகங்களுக்கு அவர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை என்பது 2020ல் வெளியான முடிவு. பகிர்ந்து உண்பதுதான் அங்கே ஒழுக்கம். பகிர்கிறவர்களுக்குப் பூமியில் வாழும் ஆவிகள் துணை நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

டர்ன்புல் 1994ல் இறந்துவிட்டார். ‘கல்நெஞ்சக்காரர்கள்’ என்ற பட்டம் மட்டும் சாகவில்லை. சுயநலத்துக்கு உதாரணம் தேடுகிறவர்கள் நெடுங்காலம் ஈக் மக்களைத்தான் கைகாட்டினார்கள்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது நம் ஊரில் படிக்காத பாட்டிக்குக்கூடத் தெரியும். பறந்துபோன பத்தையும் எண்ணிக் கணக்கு எழுதியவர், பசியை வரவழைத்தது யார் என்று எழுதுவதற்கு அதில் பாதி அக்கறையாவது காட்டியிருக்கலாம். பஞ்சத்தில் அடிபட்டவனுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுத வயிறு நிறைந்த யாருக்கும் உரிமை கிடையாது. பேராசிரியராகவே இருந்தாலும் சரி.