ரோலருக்கு முன்னாலும் பிரிண்டிங் இருந்தது!



போன செமஸ்டர் லேப்பில் நான் பாடுபட்டு ஏற்றிய சிவப்புப் பூ, ஒரே அலசலில் பக்கெட் தண்ணியோடு போயே போச்சு. "பூ எங்கேப்பா?" என்றார் சார். லேப் முழுக்கச் சிரிப்பு. படிகாரம் அச்சடித்த துணியைச் சரியாகக் காயவிடாத என் அவசரம்தான் காரணம்.

அந்த வயிற்றெரிச்சலோடு லைப்ரரியில் புரட்டியபோது கண்ணில் பட்டவைதான் ஃபுஸ்தாத் துணிகள். ஃபுஸ்தாத், இன்றைய கெய்ரோவுக்குள் அடங்கிவிட்ட பழைய நகரம். அதன் குப்பை மேடுகளில் கிடைத்த அச்சுப் பருத்தித் துண்டுகள் பெரும்பாலும் குஜராத்தில் அச்சாகிக் கடல் கடந்து போனவை. எகிப்தில் நியூபெரி என்ற ஆய்வாளர் சேர்த்த சுமார் 1,200 துண்டுகள் 1946 முதல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கின்றன. கார்பன் சோதனைப்படி சிலவற்றுக்கு வயசு ஏறக்குறைய ஆயிரம் வருஷம்! ராஜா வீட்டுப் பட்டு இல்லை சாமி, சாதாரண ஜனங்கள் உடுத்தி, கிழிந்ததும் ஒட்டுப்போட்டு, கடைசியில் வீசியெறிந்த துணி.

மியூசியங்களில் இவற்றை இஸ்லாமியக் கலை என்ற தலைப்பிலும் வைக்கிறார்கள். வைக்கட்டும், அந்த ஊர் ஜனங்கள் விரும்பிக் கட்டிய துணிதானே. ஆனால் கலை என்றதும் பூவையும் அன்னத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நாம் பார்க்க வேண்டியது பிராசஸ். பருத்தியில் வேர்ச்சாயம் சும்மா பிடிக்காது. படிகாரம் அச்சடித்த இடம் சிவக்கும், இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும், ஒன்றும் படாத இடம் அலசலில் வெளுக்கும். நீலம் ஏறக் கூடாத இடத்தை மூடிவிட்டு, அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். அச்சடிக்கும்போது நிறமே முழுசாகத் தெரியாது. மனசுக்குள் கணக்கு வைத்துத்தான் கட்டையைப் பதிக்கணும். இது கெமிஸ்ட்ரி இல்லையா?

நம் பாடத்திலோ பிரிண்டிங் வரலாறு 1783இல் தாமஸ் பெல்லின் ரோலரோடுதான் பிறக்கிறது! "அதெல்லாம் கைத்தொழில்டா" என்கிறான் பக்கத்து பெஞ்ச் நண்பன். கைத்தொழிலாம்! என் பூ ஒரு அலசலுக்குத் தாங்கலை என்பதை அவனும் பார்த்தவன்தான்.

முதல் பிராக்டிகலாக இந்த முறையை வைக்கக் கோரி ஹெச்.ஓ.டி.யிடம் மனு தரப்போகிறோம். கையெழுத்துப் போட டெக்ஸ்டைல் பிளாக்குக்கு வாருங்கள். அவுரித் தொட்டி வாடை கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், மூக்கைப் பொத்திக்கிட்டு வாங்க.