வண்டலூர் ஹெரால்டின் தம்பி

பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே அது பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். சம்பந்தம் வண்டலூர்ப் பக்கம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-ல் அங்கே தயாரிக்கத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, உண்மையில் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. அதன் சேஸிஸைக் குறுக்கி, ஹெரால்டை வடிவமைத்த இத்தாலியர் மிக்கெலாட்டியையே வைத்து டிரையம்ஃப் 1962-ல் கொண்டுவந்த இரண்டு சீட் திறந்த வண்டிதான் ஸ்பிட்ஃபயர். அண்ணன் நம் ஊரில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் உழைத்தது. தம்பி அங்கே ஊர் சுற்றியது. இரண்டுக்கும் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றலாம்.

இந்த வண்டிகளின் சுகம் வேகத்தில் இல்லை என்பது என் கட்சி. முதல் ஸ்பிட்ஃபயருக்கு 1147 சிசி எஞ்சின், 63 குதிரைசக்தி. இன்றைய ஸ்விஃப்ட் அதை அலட்டிக்கொள்ளாமல் முந்திவிடும். ஆனால் ஸ்பிட்ஃபயரில் உட்காருகிறவருக்குத் தார்ச்சாலை கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலும் உள்ளங்கைக்குத் தெரியும். கியரை மாற்றும்போது சத்தம் எஞ்சினிலிருந்து நேராகக் காதுக்கு வருகிறது. அறுபதில் போனாலே நூறில் போகிற மாதிரி இருக்கும். எட்டு வழிச்சாலைக்காகப் பிறந்த வண்டி அல்ல இது. நெய்வேலி டவுன்ஷிப்பின் பிளாக் சாலைகள், வீராணம் ஏரிக்கரை, இவை போதும். இன்றைய கார்களில் இதே உணர்வைப் பெற வேண்டுமானால், ஓட்டக்கூடாத வேகத்தில்தான் ஓட்ட வேண்டும்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. ஏர்பேக் கிடையாது. பின்சக்கர அமைப்பிலும் ஒரு கோளாறு உண்டு: வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்சக்கரம் உள்பக்கமாக மடிந்து வண்டி சுழன்றுவிடும். 1970-ல்தான் ஸ்பிட்ஃபயரில் அதற்கு மாற்று ஸ்பிரிங் வந்தது. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, உள்ளே சீராக மிதித்துப் போகிறவருக்கு அது தொல்லை தராது. ஓட்டுகிறவர் இப்படிக் கவனித்துச் செய்ய வேண்டியிருப்பதையும் சுகத்தின் கணக்கில்தான் சேர்ப்பேன். மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. காற்று வாங்கத்தான் புல்லட் இருக்கிறதே என்பது இதைவிடக் கனமான கேள்வி. உண்மைதான், திருவொற்றியூர்ப் புல்லட்டும் பிரிட்டிஷ் வழி வந்ததே. ஆனால் புல்லட்டில் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே போக முடியாது.

கடைசியாக வெயில். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. சித்திரையில் சேத்தியாத்தோப்புச் சாலையில் கூரையில்லாமல், லாரி கிளப்பும் புழுதியில், வளையமாதேவியைத் தாண்டுவது தண்டனை. மார்கழி, தை, மாசியின் காலைகள்தான் இந்த வண்டிக்கு. மற்ற மாதங்களுக்குக் கூரையோடு வந்த அண்ணனை வண்டலூர்க்காரர்கள் தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை.