மாசி, பங்குனியில் மலைப்பாதை மூடியே இருக்கட்டும்

மழையும் அட்டையும் இல்லாத மாசி, பங்குனியில்தானே காட்டுக்குள் நடக்க வசதி, அப்போது பார்த்தா வனத்துறை பாதையை மூடுவது என்று மலையேற்றக் குழுவினர் குறைபடுகிறார்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டமும் 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை நிறுத்திவைக்கப்பட்டது. குறை புரிகிறது, ஆனாலும் மூடியதே சரி. வசந்தகால நடை என்பது பனி உருகி மண் ஈரமாகும் குளிர்நாடுகளின் வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகச் சரிவில் நிலைமை நேர் எதிர். வடகிழக்குப் பருவமழையில் தழைத்த புல் தைப் பனியில் வாடி, மாசி வெயிலில் சருகாகிவிடும். கோடை மழை இறங்கும்வரை ஒரு பொறி போதும், சரிவு முழுவதும் பற்றிக்கொள்ள.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடந்ததும் அதுதான். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் வந்திருந்த இரு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தனர். அனுமதி, ஏற்பாடு ஆகியவற்றில் நேர்ந்த குளறுபடிதான் காரணம், இப்போது விதிகள் வந்துவிட்டனவே என்று வாதிடுவோர் உண்டு. அந்த ஆண்டே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தது உண்மை, தேவையும்கூட. ஆனால் சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ, முன்னால் இருக்கும் புல்லைத் தன் வெப்பத்தால் காயவைத்துக்கொண்டே பாய்கிறது. காற்று திரும்பினால் தப்பும் வழியும் அடைபடும். குழுவாகப் போகும்போது, பின்தங்கி நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகமும். தேர்ந்த வழிகாட்டியாலும் இதை மாற்ற முடியாது.

வெள்ளியங்கிரியில் மட்டும் பிப்ரவரி முதல் மே வரை பக்தர்களை விடுகிறார்களே என்பது நியாயமான கேள்வி. அங்கே ஒரே பாதை, காலங்காலமாக ஆள் நடந்து தேய்ந்தது, அடிவாரத்தில் சோதனையும் உண்டு. ஆபத்து அங்கும் இல்லாமல் இல்லை. நம்பிக்கை சார்ந்த அந்த விலக்கை, பொழுதுபோக்காக நடக்கும் 40 பாதைகளுக்கும் நீட்டிக்கச் சொல்வது பொருந்தாது. இதைவிட வலுவானது வழிகாட்டிகளின் பிழைப்பு பற்றிய மறுப்பு. பழங்குடியினரும் மலைக்கிராம இளைஞர்களும் இந்த வருமானத்தை நம்பியிருக்கிறார்கள். ஆனால் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் புகையைக் கண்காணிக்கவும் வனத்துறைக்கு ஆள் தேவைப்படுவதும் இதே மாதங்களில்தான். நடைக்காலத்தில் கிடைப்பதற்குக் குறையாத ஊதியத்தில் அந்த வேலையை இவர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். மழை பொய்க்கும் ஆண்டில் ஏப்ரல் 15 என்ற தேதியைப் பார்க்காமல் புல்லின் ஈரத்தைப் பார்த்துத் திறக்க வேண்டும். இவ்விரண்டையும் அரசு தை மாதத்துக்குள்ளேயே அறிவித்துவிட வேண்டும்.