ஐந்தடிச் சுவர் யாருடையது?

பழைய கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது யாருடையது?" என்றுதான் எம்மில் பலர் முதலில் கேட்கிறோம். பள்ளிவாசல் என்றால் எம்முடையது, தேவாலயம் என்றால் அவர்களுடையது என்று பிரித்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். கொட்டாஞ்சேனைக்கு அருகே நிற்கும் வுல்பெண்டால் தேவாலயத்தைப் பற்றிப் படித்த பின்னர், இந்தப் பிரிவினை எமக்கே நட்டம் என்று நான் நினைக்கிறேன்.

'வுல்பெண்டால்' என்பதற்கு ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். எமது நாட்டில் ஓநாய்கள் இல்லை. அன்று காடாக இருந்த அவ்விடத்தில் திரிந்த நரிகளையே ஐரோப்பியர் அப்படி அழைத்திருக்க வேண்டும். 1749இல் அத்திவாரமிடப்பட்ட இத்தேவாலயம் 1757 மார்ச் 6ஆம் திகதி வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. நான்கு கைகளும் ஒரே நீளமுள்ள சிலுவையின் வடிவில் அமைந்த கட்டடம் இது. அதன் நடுப்பகுதி உயர்ந்து நிற்கிறது. கபுக் கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர்களின் தடிப்பு ஏறக்குறைய ஐந்து அடி. கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தில் அடக்கப்பட்டிருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்கள் 1813இல் இங்கு கொண்டுவரப்பட்டன.

"எம்மை ஒடுக்கியவர்கள் கட்டியதை நாம் ஏன் பாராட்ட வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒல்லாந்தர் முஸ்லிம்களிடம் 'ஊழியம்' என்ற பெயரில் கட்டாய வேலையோ அதற்கீடான பணமோ அறவிட்டார்கள். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் வீடு, நிலம் சொந்தமாக வைத்திருப்பதற்கு அவர்கள் விதித்த தடை, பிரித்தானியர் காலத்தில் 1832இல்தான் நீங்கியது.

ஆனால் ஒரு கட்டடத்தைப் பாதுகாப்பது அதைக் கட்டுவித்தவரைப் புகழ்வதாகாது. அந்த அதிகாரம் எவ்வளவு உறுதியாக இங்கே கால் ஊன்றியது என்பதற்கு அந்த ஐந்தடிச் சுவரே சாட்சி. சாட்சி அழிந்தால் எமது மூதாதையர் பட்ட துன்பமும் வெறும் வாய்க்கதையாகிவிடும். மேலும், கட்டுவித்தவர் ஒல்லாந்தராக இருந்தாலும் கபுக் கல் இந்த மண்ணில் வெட்டி எடுத்தது. இன்று அங்கு தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஆராதனை நடக்கிறது. அது இந்நாட்டு மக்களின் இடமாகி நெடுங்காலமாகிவிட்டது.

அதனிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடமும் உண்டு. கபுக் கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். பழைய சுவரில் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கல்லே உதிரத் தொடங்கும். நல்லெண்ணத்தோடு செய்யும் திருத்தவேலையே கட்டடத்தைக் கெடுக்கலாம் என்பது எமது பழைய பள்ளிவாசல்களுக்கும் பொருந்தும். புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலைப் பார்க்க வெளிநாட்டவர் தேடி வருகிறார்கள். சிற்றூர்களிலோ, எத்தனையோ பழைய பள்ளிகளின் மரத்தூண்களும் வளைவுகளும் பளபளக்கும் டைல்ஸுக்கு இடம்விட்டுப் போய்விட்டன. நான் வாழும் வெள்ளவத்தையில் விறாந்தை வைத்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாகத் தொடர்மாடிகளாக மாறுகின்றன. அவற்றின் புகைப்படம்கூட மிஞ்சுவதில்லை.

பெருகும் ஜமாஅத்துக்கும் குடும்பங்களுக்கும் இடம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. இடிக்கும் முன் அளந்து, படமெடுத்து, பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதற்குப் பெரிய செலவில்லை. அதை எமது மாணவிகளே செய்யலாம். பெற்றோரே, அடுத்த முறை புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போகும்போது, அனுமதி கேட்டு அந்தத் தேவாலயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறர் தமது பழைமையை எப்படிப் பேணுகிறார்கள் என்று பார்த்த பிள்ளை, தன் ஊர்ப் பள்ளிவாசலை இடிக்கும் பேச்சு வரும்போது ஒரு கேள்வியாவது கேட்பாள்.