வாசல் வரைக்கும் மட்டும் போதாது

2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் இலங்கைக்கு வந்து மடுத் திருத்தலத்துக்குப் போனதை எங்கட வீடுகளில் இன்னும் கதைப்பார்கள். அன்றைக்கு அவர் நடந்து வந்தார். 2022 மே மாதம் முழங்கால் வருத்தத்தால் சக்கர நாற்காலியில் வரத் தொடங்கினார். அதற்குப் பிறகு, 2025 ஏப்ரலில் இறக்கும்வரை, பல திருப்பலிகளில் பீடத்தில் இன்னொருவர் நிற்க, அவர் ஒரு பக்கத்தில் இருந்தபடியே மறையுரை சொன்னார். நாற்காலியில் இருந்ததால் அவர் பாப்பரசர் இல்லாமல் போகவில்லை.

அதே நாற்காலியோடு அவர் மட்டக்களப்புக்கு வந்திருந்தால், எங்கட கோயில்களில் எத்தனைக்குள் தானாகப் போயிருக்கலாம்? பிரச்சினை இல்லை, நாலு பெடியங்கள் ஓடிவந்து தூக்கியிருப்பாங்கள். நாங்களும் படம் எடுத்துப் போட்டிருப்பம். ஆனால் அவர் பாப்பரசர். எங்கட ஒழுங்கையில் இருக்கிற, ஷெல் விழுந்து கால் போன மாமாவை ஒவ்வொரு ஞாயிறும் ஆர் தூக்கிறது? அதைவிட, கிழமைக்கு ஒருக்கா ஊரே பார்க்கத் தன்னைத் தூக்கவேண்டும் என்று அவர் ஏன் விரும்பவேண்டும்?

இதை எழுதுகிற எங்களில் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் இருக்கிறோம். சபைக்குப் போறவங்களும் இருக்கிறம், போறதை விட்டவங்களும் இருக்கிறம். நாங்கள் சொல்ல வாறது ஒன்றுதான். மாற்றுத்திறனாளிகளை எங்கட திருச்சபைகள் செபம் வாங்குகிறவர்களாகவும் பார்சல் வாங்குகிறவர்களாகவும் பார்த்துப் பழகிவிட்டன. வாசகம் வாசிக்கிறவராக, பாடல்குழுவில் பாடுகிறவராக, மறைக்கல்வி படிப்பிக்கிறவராக, சபைக் கூட்டத்தில் "இது சரியில்லை" என்று கைதூக்குகிறவராகப் பார்க்க இன்னும் பழகவில்லை.

வராதவர்கள் யார்?

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோருக்கு, அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு, பார்க்க, கேட்க, நடக்க, ஞாபகம் வைக்க, தன்னைப் பராமரிக்க, மற்றவரோடு தொடர்பாட என்று ஏதோ ஒரு விதத்தில் சிரமம் இருக்கிறது. இதில் வயதானவர்கள் நிறையப் பேர். கண் மங்கிய அம்மம்மாவும் காது மந்தமான அப்பப்பாவும் இந்தக் கணக்குக்குள்தான் வருவார்கள். 200 பேர் கூடுகிற பூசை என்றால் 17 பேராவது இருக்கவேண்டும். இந்த ஞாயிறு எண்ணிப் பாருங்கள்.

எங்கட பகுதிக்கு வேறு காரணங்களும் உண்டு. முப்பது வருட யுத்தம், மிதிவெடி, 2004 சுனாமி. அதோடு 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் அன்று நடந்த குண்டுத் தாக்குதலில் சிறுவர்கள் பலர் உட்பட ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொரு ஆண்டும் நினைவுகூருகிறோம், அது வேண்டும். ஆனால் அன்று காயப்பட்டு, அந்தக் காயத்தோடேயே வளர்கிற பிள்ளைகளும் எங்கட ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் செபிக்கப்போய்த்தான் காயப்பட்டார்கள். இந்த மாவட்டத்தில் எந்தத் திருச்சபையும் "எங்களிடம் அப்படி ஆக்கள் இல்லை" என்று சொல்ல ஏலாது.

சட்டமும் புதிதல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அமெரிக்காவில் 1990இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தபோது மத நிறுவனங்களுக்கு அதன் அணுகல் விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். கடைக்கும் சினிமாத் தியேட்டருக்கும் கட்டாயம், கோயிலுக்கு இல்லை. அயலானை நேசி என்று படிப்பிக்கிற இடம் சினிமாத் தியேட்டருக்குப் பின்னால் நிற்பது வெட்கம் இல்லையா?

வேதத்தில் என்ன இருக்கிறது

நேர்மையாகச் சொன்னால் இரண்டும் இருக்கிறது. லேவியர் 21ஆம் அதிகாரம், உடலில் குறையுள்ளவர் பீடத்தை நெருங்கிப் பலி செலுத்தக்கூடாது என்கிறது. அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. பீடப்பணியைப் பாதுகாப்பாகவோ கண்ணியமாகவோ செய்ய முடியாதபடி உடற்குறை உள்ளவர் குருவாக முடியாது என்ற விதி 1917ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பிலும் இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில்தான் அது இல்லாமல் போனது. எங்கட அம்மா அப்பாக்களின் காலம்.

மற்றப் பக்கம் யோவான் 9. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் கண்டதும் சீடர்கள் கேட்ட முதல் கேள்வி, இது ஆர் செய்த பாவம் என்பது. இவருமில்லை, இவரைப் பெற்றவர்களுமில்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே உடைத்தார். ஆனால் அதே கேள்வியை இன்றைக்கும் எங்கட ஊரில் கேட்கிறோம். ஒரு பிள்ளை ஓட்டிசத்தோடு பிறந்தால் தாயிடம் "என்ன குற்றமோ" என்று கேட்பதற்குச் சொந்தக்காரரும் இருக்கிறார்கள், சபைக்காரரும் இருக்கிறார்கள்.

மாற்கு 2இல் வரும் கதையை இளைஞர் கூட்டங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். நாலு பேர் தங்கள் நண்பரைப் படுக்கையோடு தூக்கிவந்து, கூரையைப் பிரித்து உள்ளே இறக்குவார்கள். "நீங்களும் அந்த நாலு பேராக இருங்கள்" என்று பிரசங்கம் முடியும். எங்களுக்கு வேறு ஒரு கேள்வி. ஏன் கூரையைப் பிரிக்கவேண்டி வந்தது? வாசலில் சனம் அடைத்து நின்றது. அந்தச் சனம் கெட்டவர்கள் இல்லை, இயேசு சொல்வதைக் கேட்க வந்தவர்கள்தான். தங்களுக்குப் பின்னால் ஒரு படுக்கை வந்து நிற்பதைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் நாலு பேராக ஆசைப்படுகிறோம். உண்மையில் நாங்கள் நிற்பது அந்த வாசலில்.

சுகமாக்குகிற கூட்டங்கள் பற்றி

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லவேண்டும். நோய் தீரச் செபிப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. வருத்தம் வந்தால் நாங்களும் செபிக்கிறோம். பிரச்சினை, கேட்காமலே ஒருவரின் தலையில் கைவைப்பதில் இருக்கிறது. நடக்கவில்லை என்றால் "விசுவாசம் காணாது" என்று அவர் தலையிலேயே பாரத்தையும் வைத்துவிட்டுப் போவதில் இருக்கிறது. பவுல் தன் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் மன்றாடினார், எடுக்கப்படவில்லை. பவுலுக்கு விசுவாசம் காணாது என்று எந்தப் பாஸ்டரும் சொன்னதில்லை.

எங்களோடு கலைப்பீடத்தில் படிக்கிற பார்வையற்ற நண்பர்களிடம் கேட்டோம். கண் தெரியவேண்டும் என்ற செபத்தை அவர்கள் யாரும் முதலில் சொல்லவில்லை. பஸ்ஸில் கொண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடவேண்டும், படிப்பு முடிய வேலை வேண்டும், கலியாணம் என்று வந்தால் வீட்டார் சம்மதிக்கவேண்டும். எங்கட செபங்கள்தான். ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கோயிலுக்குப் போனா என்னைக் கேக்க மாட்டாங்க மச்சான், என்னோட வந்தவனைத்தான் கேப்பாங்க, 'இவருக்கு நன்மை குடுக்கலாமா' எண்டு."

பீடம் என்றால் எங்களுக்கு இரண்டு. கலைப்பீடத்தில் அதே நண்பர் திரைவாசிப்பான் போட்ட லப்டொப்பில் கட்டுரை எழுதுகிறார், எல்லார் முன்னாலும் நின்று பிரசென்டேஷன் செய்கிறார். பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு வாசகம் வாசிக்க மட்டும் அவரை யாரும் கேட்டதில்லை.

வாவிக்கு அந்தப் பக்கம்

திருச்சபை ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வரலாறு அப்படி இல்லை. பாளையங்கோட்டையில் 1890களில் ஆஸ்க்வித், சுவெய்ன்சன் என்ற இரண்டு மிஷனரிப் பெண்கள் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்கள். இலங்கையில் 1912இல் மேரி சப்மன் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றைக்கும் இரத்மலானையில் இருக்கிறது. அரசாங்கங்கள் யோசிக்க முன்னரே இவர்கள் செய்தார்கள்.

ஆனால் பள்ளிக்கூடம் வேறு, ஞாயிற்றுக்கிழமை வாங்கு வேறு. எங்கட வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது. தொழுநோய் வந்தவர்களை ஊரிலிருந்து பிரித்து வைத்த வைத்தியசாலை, படகில்தான் போகவேண்டும். இன்றைக்கு அந்த நோய்க்கு மாத்திரை இருக்கிறது, முழுதாகக் குணமாகிறது. ஆனாலும் மாந்தீவு மாதிரி யோசிப்பது எங்களிடமிருந்து போகவில்லை. அன்பு இருக்கும், சாப்பாடு கொண்டுபோவோம், பாட்டுப் பாடுவோம், பின்னேரம் திரும்பி வந்துவிடுவோம். நாங்கள் அங்கே போகலாம், அவர்கள் இங்கே வந்து எங்களில் ஒருவராக இருப்பது மட்டும் எங்கட திட்டத்தில் இருக்காது. டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம், கிட்டத்தட்டத் திருவருகைக் காலத் தொடக்கத்தில் வரும். அன்றைக்கு ஒரு மேடை, ஒரு பொதி, ஒரு குழுப் படம். டிசம்பர் 4 அவர் எங்கே?

வேறு மாதிரியும் முடியும் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. 2024 மே மாதம் கேரளாவின் திருச்சூரில் ஜோசப் தேர்மடம் என்ற காது கேளாத இளைஞர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் சைகை மொழியில் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார். அங்கே காது கேளாதவர்களுக்காகச் செபிப்பவரே காது கேளாதவர். இறையியலிலும் இது நடந்திருக்கிறது. நான்சி ஐஸ்லண்ட் என்ற மாற்றுத்திறனாளிப் பெண் 1994இல் எழுதிய புத்தகம், உயிர்த்த இயேசு தன் கைகால்களில் இருந்த காயங்களோடேயே வந்தார் என்பதிலிருந்து தொடங்கி, கடவுளையே மாற்றுத்திறனாளியாகப் பார்க்கிறது. உயிர்ப்பு அந்தக் காயங்களை அழிக்கவில்லை.

காசு இல்லை என்பவர்களுக்கு

முதல் பதில் எப்பவும் "ஃபண்ட் இல்லை". திருவிழாவுக்குப் பந்தலும் லைட்டும் சவுண்ட்ஸும் வருகிறது, அது இருக்கட்டும். காசே தேவைப்படாத வேலைகளிலிருந்து தொடங்குவோம்.

பாடல் தாளையும் அறிவித்தலையும் வட்ஸ்அப் குழுவில் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள். படத்தைத் திரைவாசிப்பான் ஒழுங்காக வாசிக்காது. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பையும் வாசிக்காது, என்னவோ ஆங்கில எழுத்தாக உளறும். யுனிகோட்டில் அடித்துச் சனிக்கிழமையே அனுப்பினால் பார்வையற்ற ஒருவர் எல்லாரோடும் சேர்ந்து பாடலாம். செலவு பூச்சியம்.

நடுவில் இருக்கிற ஒரு வாங்கைக் கொஞ்சம் கட்டையாக்கினால் சக்கர நாற்காலி குடும்பத்தோடு நிற்கும், கதவடியில் தனியாக நிற்காது. நிலத்துக்கு வழுக்குகிற மாபிள் போடமுதல், ஊன்றுகோலோடு நடக்கிற ஒருவரைக் கூட்டிவந்து நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பூசை நேரம் சத்தம் போடுகிற பிள்ளையின் தாயைத் திரும்பிப் பார்க்காதீர்கள். நாலு கிழமை திரும்பிப் பார்த்தால் ஐந்தாம் கிழமை அவ வரமாட்டா. ஆயித்தியமலைக்கு நடைபயணம் திட்டமிடுகிற கூட்டத்திலேயே, நடக்க ஏலாதவர் எந்த இடத்தில் எங்களோடு சேரலாம் என்று கேளுங்கள்.

வாயையும் கவனிப்போம். "நொண்டிச் சாட்டு", "குருட்டு விசுவாசம்", "செவிடன் காதில் ஊதின சங்கு" எல்லாம் பிரசங்கத்தில் சாதாரணமாக வருகிறது. அந்தச் சொற்களோடு வாழ்கிற ஒருவர் நாலாவது வாங்கில் இருக்கிறார் என்றால் சொல்வோமா? இல்லை என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறோம்.

பிறகு சாய்வுப் பாதை. கட்டுங்கள், கட்டாயம் கட்டுங்கள். ஆனால் வாசலோடு நிறுத்தாதீர்கள். வாசலுக்கு மட்டும் கட்டினால் "வந்து பாருங்கள்" என்று அர்த்தம். வாசக மேடைக்கும் பீடத்துக்கும் கட்டினால் "வந்து செய்யுங்கள்" என்று அர்த்தம். சபைக் கூட்டத்தில் அவருக்கு ஒரு இடமும் ஒரு வாக்கும் கிடைத்தால், அடுத்து என்ன கட்டவேண்டும் என்று எங்களைப் போல ஆக்கள் கட்டுரை எழுதத் தேவையில்லை. அவரே சொல்லுவார்.

"அவங்களே வாறதில்லையே, ஆருக்குக் கட்டுறது?" என்பது கடைசிக் கேள்வி. வாவிக்குப் பாலம் கட்ட முதல் அக்கரையிலிருந்து எத்தனை பேர் நீந்தி வந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. இந்தக் கிழமை உங்கட பங்கில், சபையில், வராமல் நின்றுபோன ஒருவரின் வீட்டுக்குப் போங்கள். பார்சல் கொண்டுபோகவேண்டாம். அடுத்த ஞாயிறு முதலாம் வாசகத்தை வாசிக்க முடியுமா என்று கேளுங்கள்.