மாத்திரை வெள்ளைக்காரனுக்கு மட்டுமா?

“கொசுக்கடி நமக்குப் புதுசுங்களா? மலேரியா மாத்திரையெல்லாம் வெள்ளைக்காரனுக்குங்க.” ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் இந்தத் தைரியத்தை யாராவது ஒருவர் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுகிறார். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடப் போகிறவர், முந்திரிக்கொட்டை வாங்க மேற்கு ஆப்பிரிக்கா போகும் வியாபாரி, லாகோஸ் கிளைக்கு மாற்றலாகிப் போகும் கணக்காளர் என எல்லோருக்கும் அதே வாக்கியம்தான். அது பொய். ஆளைக் கொல்லும் பொய்.

இது எங்கிருந்து வருகிறது என்பது புரியாமல் இல்லை. சென்னைக்காரர்களில் பலர் வீட்டில் யாராவது ஒருவர் ஒருமுறையாவது மலேரியாவில் படுத்து எழுந்திருப்பார். மொட்டைமாடித் தொட்டியிலும் மூடாத கிணற்றிலும் வளரும் கொசு அதைப் பரப்பியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் தூக்கிப் போட்டது, மாத்திரை சாப்பிட்டார்கள், இளைத்துப்போய் எழுந்து நடந்தார்கள். அது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணியின் வேலை. சஹாராவுக்குத் தெற்கே இருப்பது ஃபால்சிபாரம். அது புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. அடைப்பது மூளையில் என்றால் நினைவு தப்பும், சிறுநீரகமும் செயலிழக்கலாம். நேற்றுக் காய்ச்சலோடு நடமாடியவர் இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பது இந்த நோயில் அதிசயமல்ல. 2023இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்கர்கள், பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டாத குழந்தைகள். கொசுவோடு பிறந்து வளர்வதே கவசம் என்றால் இந்தக் குழந்தைகள் ஏன் சாகிறார்கள்?

எதிர்ப்பாற்றல் என்று ஒன்று உண்டுதான். குழந்தைப் பருவத்திலிருந்து அதே ஒட்டுண்ணி திரும்பத் திரும்பத் தாக்கி, அதில் பிழைத்தவருக்கு ஓரளவு வரும். ஊரைவிட்டு விலகி இருந்தால் அதுவும் தேய்ந்துவிடும். பிரிட்டனில் கண்டறியப்படும் மலேரியா நோயாளிகளில் பெரும்பாலோர், அங்கே குடியேறிவிட்டு உறவினரைப் பார்க்கச் சொந்த நாடு போய்த் திரும்பும் ஆப்பிரிக்க வம்சாவளியினர். நைஜீரியாவில் பிறந்தவரையே லண்டன் வாழ்க்கை இப்படி ஆக்குமென்றால், அந்த ஒட்டுண்ணியின் முகத்தையே பார்த்திராத நாமக்கல்காரர் எந்த மூலைக்கு?

இதில் எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று. இதே ஆள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வரை மெனக்கெட்டுப் போய் வரிசையில் நிற்பார். காரணம், ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் விமான நிலையத்தில் மடக்குவார்கள். மாத்திரை எங்கே என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. ஆகவே அது தேவையில்லை! அந்த ஊசியே மலேரியாவுக்கும் சேர்த்துத்தான் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மஞ்சள் காய்ச்சலைத் தருவது ஒரு வைரஸ்.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா அங்கே அநேகமாக இல்லை. 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றும் வாங்கிவிட்டது. ஆனாலும் மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அரசின் மலேரியா எதிர்ப்பு இயக்கம் தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருகிறது. அவர்களுக்கும் கொசுக்கடி பழக்கம்தானே.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்ன செய்கிறார்? தெருமுனை மெடிக்கலில் போய் “மலேரியா மாத்திரை” என்று கேட்டு, கொடுத்த குளோரோகுயினை வாங்கிக்கொள்கிறார். 1970களின் இறுதியிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் ஃபால்சிபாரம் அந்த மருந்தை எதிர்த்து நிற்கத் தொடங்கி, பிறகு கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. ஹெய்ட்டிக்குப் போகிறவருக்கு அது உதவும். தான்சானியாவில் அதை நம்புவது வெறுங்கையோடு போவதைவிட மோசம், ஏனென்றால் பாதுகாப்பு இருப்பதாக ஒரு நினைப்பு வேறு. நிலவேம்புக் கசாயமும் ஹோமியோபதி உருண்டையும் இந்த விஷயத்தில் பேச்சுக்கே உரியவை அல்ல.

உண்மையில் கைகொடுப்பவை மூன்று. அட்டோவாகுவோன்–புரோகுவானில் கூட்டு மாத்திரை தினம் ஒன்று. புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். விலை கூட, எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆனாலும் பத்து நாள் பயணத்துக்கு நான் அதையே சொல்வேன். டாக்சிசைக்ளின் மலிவு, அதுவும் தினம் ஒன்று, திரும்பிய பின் நான்கு வாரம். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் கன்றும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் ஆகாது. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று. மனச்சோர்வோ வலிப்போ ஒருமுறை வந்திருந்தால்கூட அதைத் தொடக் கூடாது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கச் சொல்வது, ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊரிலேயே தெரிந்துவிடட்டும் என்றுதான். எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அவரிடம் நாட்டின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஊர் பெயரும் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு மாத்திரையே தேவையில்லை, க்ரூகர் காட்டுப் பக்கம் போனால் பருவத்தைப் பொறுத்துத் தேவை.

“பத்து வருஷமா அங்கே இருக்கேன், ஒரு மாத்திரை போட்டதில்லை” என்கிறவருக்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் தினமும் மாத்திரை விழுங்குவது எளிதல்ல என்பது நியாயம்தான். ஆனால் அவர் இருப்பது நகரத்தில். காய்ச்சல் வந்த அன்றே ரத்தம் பார்க்க ஆய்வகம் இருக்கிறது, சிகிச்சை தெரிந்த மருத்துவர் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் முழுக்க வண்டியோட வேண்டிய இடத்தில் போர்வெல் ரிக் நிறுத்தியிருக்கிற பையனுக்கு அவருடைய யோசனை உதவாது. “வந்தா பாத்துக்கலாம்” என்று இருந்து செத்தவர்கள் யோசனை சொல்ல வருவதுமில்லை. டிக்கெட்டும் விசாவும் எடுத்துக் கொடுக்கிற முதலாளி, மாத்திரைச் செலவையும் கொசுவலையையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். வலையும் வேண்டும், ஏனென்றால் எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு காப்பதில்லை.

ஊர் வந்து இறங்கிய பிறகும் இந்த மூடநம்பிக்கை விடுவதில்லை. வீட்டுக்கு வந்தாயிற்றே என்று மிச்ச மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். ஒட்டுண்ணி உடலுக்குள் அடங்கியிருந்து வாரங்கள் கழித்தும் தலைகாட்டும். அப்போது வரும் காய்ச்சலுக்கு டெங்கு, டைபாய்டு என்று பார்த்துக்கொண்டே இரண்டு நாள் போய்விடும், ஆப்பிரிக்கா போய்வந்த செய்தியை நோயாளி வாய்திறந்து சொல்லாவிட்டால். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது போன ஊரின் பெயரை. அன்றே மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்று முடிவு வந்தாலும், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.