மாடியில சோலார் இருந்தும் கரன்ட் கட் ஆகுமா?

கங்கைகொண்ட சோழபுரம் போறவங்க பெரிய கோயில் முன்னாடி ஒரு ரீல்ஸ் எடுத்துட்டுத் திரும்பிடுறோம். பக்கத்துல இருக்கிற பொன்னேரியை எட்டிப் பார்க்கிறவங்க கம்மி. ராஜேந்திர சோழன் வெட்டின சோழகங்கம் ஏரி அதுதான். ஆத்துல தண்ணி வர்றப்போ பிடிச்சு வெச்சு, வராதப்போ வயலுக்கு விடணும். அவ்வளவுதான் கணக்கு. ஆயிரம் வருஷம் கழிச்சு நம்ம மின்சாரமும் இதே கணக்குலதான் திணறிக்கிட்டு இருக்கு.

2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது மதிய நேரம், சோலார் கைகொடுத்தது. ஆனா, ராத்திரி 7 மணிக்கு? சூரியன் கிடையாது, எல்லா வீட்டுலயும் ஏ.சி ஓடுது. காற்றாலையோ மே முதல் செப்டம்பர் வரைதான் வெளுத்து வாங்கும். அந்த சீஸன்ல சில நேரம் 'உற்பத்தியைக் குறைங்க'ன்னு காற்றாலைக்காரங்ககிட்ட சொல்ற நிலைமைகூட வருது. சேமிக்க இடமில்லை!

இடமே இல்லைன்னும் சொல்ல முடியாது. கோவை மாவட்டம் காடம்பாறையில 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கு. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணியை மேல் அணைக்கு ஏத்தி, தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுத்துறாங்க. பொன்னேரி ஐடியாதான், மலை மேல. நீலகிரி குந்தாவில 500 மெகாவாட்டுக்கு இன்னொண்ணு திட்டமிட்டு, வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே போச்சு.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். பி.எம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல விஷயம்தான். ஆனா, பலர் கேட்காம விடுற ஒரு கேள்வி இருக்கு. சாதாரண ஆன்-கிரிட் சோலார்ல, லைன்ல கரன்ட் போனா உங்க இன்வெர்ட்டரும் ஆஃப் ஆகிடும். மொட்டை மாடியில வெயில் கொளுத்தும், கீழே ஃபேன் சுத்தாது. கம்பத்துல வேலை பார்க்கிற லைன்மேனுக்கு உங்க வீட்டுல இருந்து ஷாக் போகக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. கட் ஆகாம இருக்கணும்னா ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும். மானியமோ பேனலோட கிலோவாட்டைத்தான் பார்க்குது, பேட்டரியை இல்லை.

நெட் மீட்டர்ல பகல்ல கொடுத்த யூனிட்டை ராத்திரி திரும்ப எடுத்துக்கிறோம். நமக்கு அது ஓசி பேட்டரி மாதிரி. அந்த 7 மணி கரன்ட்டை நிலக்கரியில தயாரிச்சோ, வெளியில வாங்கியோ கொடுக்கிறது வாரியம். அதனால வீட்டுக்கு வீடு பேட்டரியைவிட, ஊர் துணை மின் நிலையத்துல பொதுவா ஒண்ணு வைக்கிறதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

அதுக்காகப் பெருசா நிலமும் தேவையில்லை. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நிலம்னாலே பயம் வர்றதுல நியாயமும் இருக்கு. பக்கத்து ஜெயங்கொண்டத்துல பழுப்பு நிலக்கரி மின் திட்டம்னு 1990-கள்ல விவசாயிகள்கிட்ட நிலம் எடுத்தாங்க. மின் நிலையம் வரவே இல்லை. கால் நூற்றாண்டு கழிச்சுத்தான் நிலத்தைத் திருப்பித் தர்றதா அரசு முடிவெடுத்தது.

பொது பேட்டரியிலயும் ஒரு சிக்கல். பீகாரின் தர்னை கிராமத்துல 2014-ல கிரீன்பீஸ் சோலார் மைக்ரோகிரிட் அமைச்சப்போ நாடே பேசுச்சு. மலிவான அரசு மின்சாரம் வந்துச்சு, பேட்டரிகள் செத்துச்சு, மாத்த ஆளில்லை. சில வருஷத்துல கதை முடிஞ்சது. மாடிக்கு பேனல் விக்க வர்றவர்கிட்டயும் இதையே கேளுங்க: "அண்ணா, பேட்டரி போனா யார் மாத்துவாங்க, எவ்வளவு ஆகும்?"